பேத்தியின் நினைவில் அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஹதீஸ் பாடம் நடத்தும்போது அறிவிப்பாளர் தொடரை விரைவாக வாசித்துவிட்டுச் செய்திக்குச் சென்றுவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய அவசரம் ஒரு காரணம். அந்தப் பெயர்கள் பலமுறை வாசித்துப் பழகிவிட்டன என்பது மற்றொரு காரணம். சென்ற ஆண்டு பெண்கள் பிரிவில் ஸஹீஹுல் புகாரியின் கிரகணத் தொழுகை பற்றிய ஹதீஸை வாசித்துக்கொண்டிருந்தோம். ஹிஷாம் பின் உர்வா, ஃபாத்திமாவிடமிருந்து, ஃபாத்திமா, அஸ்மாவிடமிருந்து. ஒரு மாணவி எழுந்து, இந்த ஃபாத்திமா நபிகளாரின் மகளாரா என்று கேட்டார். இல்லை, இவர் ஃபாத்திமா பின்த் முன்திர், தாபிஈன்களில் ஒருவர், நம்பகமானவர் என்று நாம் விடை கூறினோம். மாணவி அமரவில்லை. "அப்படியானால் அஸ்மா (ரலி) அவர்களுக்கு இவர் என்ன உறவு, ஹஜ்ரத்?"

பேத்தி. விடை நமக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் இத்தனை ஆண்டுகள் கற்பித்ததில் ஒருமுறையேனும் அதை வகுப்பில் நாம் வாய்விட்டுக் கூறியதில்லை. தொடரின் முன்முனையில் நிற்கும் ஹிஷாம், அதே பாட்டியாரின் மற்றொரு மகனுக்குப் பிறந்த பேரர், ஃபாத்திமாவின் கணவர். ஆக, பாட்டியார் சொன்னதைப் பேத்தி கேட்டு, அதைத் தம் கணவரான பேரரிடம் சொல்ல, அவர் உலகுக்குச் சொன்னார். இது ஒரு வீட்டுக்குள் நடந்த பேச்சா என்று மாணவிகள் வியந்து சிரித்தனர்.

அதே மாதத்தில் நம் உம்மும்மா வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வீட்டில் கூடியிருந்தோர், மார்க்கம் படித்தவர் என்பதால் அவர்களைப் பற்றி நம்மைச் சில வார்த்தைகள் பேசச் சொன்னார்கள். தொழுகையாளி, நோன்பாளி, யாரையும் கடிந்து பேசாதவர் என்றோம். அத்துடன் பேச்சு நின்றுவிட்டது. நாம் சொன்ன மூன்றும் உண்மை. ஆனால் அம்மூன்றும் எந்த வீட்டு உம்மும்மாவுக்கும் பொருந்தும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மூதாட்டி, காய்ச்சல் கண்ட பெண்ணின்மீது எவ்விடத்தில் தண்ணீர் ஊற்றினார் என்பது நமக்குத் தெரிந்திருக்கிறது. நம்மை வளர்த்த மூதாட்டியைப் பற்றி மூன்று சொற்களுக்கு மேல் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம்.

அஸ்மா (ரலி) அவர்களை அறியாதவர் நம்மில் குறைவு. அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் மூத்த மகளார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குத் தந்தைவழி அக்கா. மக்காவில் தொடக்க நாள்களிலேயே இஸ்லாத்தை ஏற்றவர்களுள் ஒருவர். கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் ஹிஜ்ரத் புறப்பட்டபோது, பயண உணவுப் பையையும் தண்ணீர்த் துருத்தியையும் கட்டுவதற்குக் கயிறு கிடைக்காமல், தம் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டினார்கள். அதனால் 'தாத்துந் நிதாக்கைன்', இரு கச்சுடையார், என்ற பெயர் நிலைத்தது. நம் மிம்பர்களில் அவர்களைப் பற்றி இரண்டு காட்சிகள்தாம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. ஒன்று இந்தக் கச்சை. மற்றொன்று, எழுபது ஆண்டுகளுக்கும் பின்னர் ஹஜ்ஜாஜின் முன் அவர்கள் அஞ்சாமல் பேசியது. இடையிலிருந்த எழுபது ஆண்டுகள் எங்கே போயின? அவை வீட்டார் நினைவில் இருந்தன.

ஹிஜ்ரத்தின்போது அஸ்மா (ரலி) தாமும் ஒரு பேத்தியாக நின்ற ஒரு நிகழ்வை வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் பதிவு செய்துள்ளார். அபூபக்ர் (ரலி) கையிலிருந்த ஐயாயிரம் அல்லது ஆறாயிரம் திர்ஹங்களையும் உடன் எடுத்துச் சென்றுவிட்டார்கள். கண் பார்வையிழந்த பாட்டனார் அபூகுஹாஃபா வந்து, மகன் தானும் போய்ப் பணத்தையும் கொண்டுபோய்விட்டாரே என்று வருந்தினார். அஸ்மா, பணம் வைக்கும் மாடத்தில் கற்களை அடுக்கி, மேலே ஒரு துணியைப் போர்த்தி, பாட்டனாரின் கையைப் பிடித்து அதன்மீது வைத்தார்கள். முதியவர் தடவிப் பார்த்து மனம் தேறினார். உண்மையில் தந்தை எதையும் விட்டுச் செல்லவில்லை, கிழவரை அமைதிப்படுத்தவே அப்படிச் செய்தேன் என்று பின்னாளில் அஸ்மா (ரலி) அவர்களே கூறியிருக்கிறார்கள். அபூகுஹாஃபா அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. மக்கா வெற்றியின்போதுதான் ஏற்றார்.

நிறைமாதக் கர்ப்பிணியாக மதீனா நோக்கிப் பயணித்து, குபாவில் அப்துல்லாஹ்வைப் பெற்றெடுத்தார்கள். ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை அது. நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் வாயில் தடவினார்கள்; குழந்தையின் வயிற்றுக்குள் முதன்முதலாகச் சென்றது நபிகளாரின் உமிழ்நீர். இந்தச் செய்தியையும் அந்தத் தாயே சொல்லி, மகன் உர்வா கேட்டு, பேரர் ஹிஷாம் நமக்குத் தந்தார்.

அதே வழியில் வந்த மற்றொரு செய்தி நமக்கு மிகவும் பிரியமானது. கணவர் ஸுபைர் (ரலி) அவர்களிடம் நீரிறைக்கும் ஒட்டகமும் ஒரு குதிரையும் தவிர வேறு சொத்து இல்லாத காலம். குதிரைக்குத் தீவனம் போடுவது, தண்ணீர் இறைப்பது, தோல் வாளியைத் தைப்பது, மாவு பிசைவது எல்லாம் அஸ்மா (ரலி) அவர்களின் வேலை. ரொட்டி சுடுவது மட்டும் அவர்களுக்குச் சரியாக வராது. அண்டை வீட்டு அன்ஸாரிப் பெண்கள் சுட்டுத் தருவார்கள். அப்பெண்கள் உண்மையானவர்களாய் இருந்தார்கள் என்று நற்சான்றும் அளிக்கிறார்கள். ஸித்தீக்கின் மகளுக்கு ரொட்டி சுட வராது என்பதை எந்த வரலாற்றாசிரியர் தேடிக் கண்டுபிடித்திருப்பார்? அவர்களே பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்திருந்தால்தான் உண்டு. (சிரித்தார்கள் என்பது நம் ஊகமே; ஹதீஸில் அவ்வாறு இல்லை.)

ஸுபைரின் நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். நிலம் ஒரு பர்ஸக்கில் மூன்றில் இரண்டு பங்கு தொலைவு. அதாவது சுமார் இரண்டு மைல். ஒருநாள் வழியில் நபி (ஸல்) அவர்கள் அன்ஸாரிகள் சிலருடன் எதிர்ப்பட்டு, தம் பின்னால் ஏற்றிக்கொள்வதற்காக ஒட்டகத்தைப் படுக்க வைத்தார்கள். ஆண்களுடன் செல்ல வெட்கப்பட்டும், கணவரின் ரோஷத்தை நினைத்தும் அஸ்மா (ரலி) தயங்கியதைக் கண்டு அவர்கள் சென்றுவிட்டார்கள். வீட்டில் இதைச் சொன்னபோது, நபிகளாருடன் நீ ஏறிவருவதைவிட நீ கொட்டை சுமப்பதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது என்ற கருத்தில் ஸுபைர் பேசினார். பின்னர் அபூபக்ர் (ரலி) குதிரையைக் கவனிக்க ஒரு பணியாளை அனுப்பியபோது, தந்தை தம்மை அடிமைத்தனத்திலிருந்து விடுதலை செய்துவிட்டதைப்போல் உணர்ந்ததாக அஸ்மா (ரலி) கூறினார்கள். அந்தக் களைப்பை அவர்கள் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. தாயின் உழைப்பைப் புகழ்ந்து கவிதை பாடும் நம்மவர்கள், அத்தாய்க்கு அது பாரமாக இருந்ததா என்று கேட்பதில்லை.

இனி ஃபாத்திமாவிடம் வருவோம். இவர் அஸ்மாவின் மகன் முன்திரின் மகள். ஹிஜ்ரி 48இல் பிறந்தவர். தம்மைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர் என்று கணவர் ஹிஷாமே கூறியிருக்கிறார். ஹிஜ்ரி 64இல் மக்கா முதன்முறை முற்றுகையிடப்பட்டபோது தந்தை முன்திர் கொல்லப்பட்டார். ஃபாத்திமாவுக்கு அப்போது பதினாறு வயதளவில் இருக்கும். பாட்டியார் மறைந்தபோது இருபத்தைந்தளவில். அதாவது, அவர் அறிந்த அஸ்மா கச்சையைக் கிழித்த இளம்பெண் அல்லர். எண்பது, தொண்ணூறு வயதைக் கடந்து, இறுதியில் பார்வையும் போன மூதாட்டி.

ஃபாத்திமாவின் அறிவிப்புகளை ஓரிடத்தில் வைத்து வாசித்தால் ஒரு வீடு கண்முன் எழுகிறது. காய்ச்சல் கண்ட பெண்களைப் பாட்டியாரிடம் துஆவுக்காக அழைத்து வருவார்கள். அவர்கள் தண்ணீர் எடுத்து, அப்பெண்ணின் சட்டைக் கழுத்து வழியே மார்பில் ஊற்றி, காய்ச்சலைத் தண்ணீரால் தணிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள் என்பார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும் ஸஹீஹுல் புகாரியிலும் இது உள்ளது. மருத்துவ நூல் எழுதுபவர் நபிமொழியை மட்டும் எடுத்துக்கொள்வார். தண்ணீர் எவ்விடத்தில் ஊற்றப்பட்டது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த பெண்தான் சொல்ல முடியும்.

ஆடையில் மாதவிடாய்க் கறை பட்டால் எவ்வாறு கழுவுவது. நோயினால் முடி உதிர்ந்த மணப்பெண்ணுக்கு ஒட்டுமுடி வைக்கலாமா. சக்களத்தியிடம், கணவர் தராததைத் தந்ததாகக் காட்டிக்கொள்ளலாமா என்று பெண்கள் நபிகளாரிடம் கேட்ட கேள்விகள் இந்தப் பேத்தி வழியே வந்தவை. நபிகளார் காலத்தில் குதிரையை அறுத்து உண்டோம் என்பதும், மேகமூட்டமான ஒரு ரமளான் நாளில் நோன்பு திறந்த பிறகு சூரியன் தெரிந்துவிட்டது என்பதும் அவ்வாறே. கிரகணத் தொழுகையில் நெடுநேரம் நின்று மயக்கம் வந்தபோது, தம் பக்கத்திலிருந்த தோற்பையிலிருந்து நீரெடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டதையும் அஸ்மா (ரலி) பேத்தியிடம் சொன்னார்கள். மயக்கம் உளூவை முறிக்குமா என்ற சட்டப் பிரச்சினைக்கு இமாம் புகாரி (ரஹ்) இச்செய்தியைப் பயன்படுத்தியுள்ளார். பாட்டி தன் மயக்கத்தைப் பற்றிப் பேசியது ஃபிக்ஹாக ஆயிற்று.

செலவு செய், எண்ணி எண்ணி வைக்காதே, அப்படிச் செய்தால் அல்லாஹ்வும் உனக்கு எண்ணித்தான் தருவான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அஸ்மாவுக்கு அறிவுரை கூறியதும் ஃபாத்திமா வழியே நமக்குக் கிடைத்தது. அறிவுரையை மட்டுமன்றி, அதன்படி நடந்த கையையும் வீட்டார் கண்டனர். ஆயிஷா (ரலி) சிறிது சிறிதாகச் சேர்த்துவைத்துப் பின்னர் பங்கிடுவார், என் தாயோ நாளைக்கென்று எதையும் வைக்கமாட்டார் என்று மகன் அப்துல்லாஹ் ஒப்பிட்டிருக்கிறார். நோயுற்றால் தம்மிடமிருந்த அடிமைகள் அனைவரையும் விடுதலை செய்துவிடுவார்கள் என்பது ஃபாத்திமாவின் சாட்சியம். தங்கை ஆயிஷாவிடமிருந்து வாரிசாகக் கிடைத்த ஃகாபா நிலத்துக்கு முஆவியா (ரலி) ஒரு இலட்சம் தந்திருந்தார். அதைச் சகோதரர்களின் வழிவந்த காசிம் பின் முஹம்மத், இப்னு அபீ அதீக் ஆகிய இருவருக்கும் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்கள். அவ்விருவரும் ஆயிஷாவின் சொத்தில் வாரிசுப் பங்கு பெறாதவர்கள் என விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். வாரிசுச் சட்டத்தைக் கற்பிக்கும் நமக்கு இந்த நிகழ்வு எப்போதும் ஓர் ஆறுதல். பங்கு பிரித்து முடிந்த பிறகும் ஒரு மூத்த பெண்மணியின் கை நீண்டது.

பார்வை போன பிறகு நடந்த இரண்டு செய்திகள். மகன் முன்திர் இராக்கிலிருந்து வந்தபோது மெல்லிய, விலையுயர்ந்த துணிகளைத் தாய்க்கு அனுப்பினார். அவர்கள் கையால் தடவிப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே தெரியாத துணிதான் உம்மா என்று மகன் வருந்திச் சொல்ல, தெரியாவிட்டாலும் உடலின் வடிவைக் காட்டுமே என்றார்கள். மகன் சாதாரண மர்வு துணி வாங்கித் தர, இப்படிப்பட்டதை எனக்கு உடுத்து என்று ஏற்றுக்கொண்டார்கள். இதை இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். மார்க்க வரம்பைப் போற்றிய பேணுதல் ஒருபுறம். மகனின் மனம் முறியாமல் இரண்டாவது துணியை உடனே ஏற்றுக்கொண்டதும் நம் கண்ணில் படுகிறது.

மற்றொன்று முஸ்தலிஃபாவில். உடனிருந்தவர் அவர்களின் பணியாளர் அப்துல்லாஹ். இரவில் இறங்கித் தொழுதுவிட்டு, மகனே, நிலா மறைந்துவிட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்றார். மீண்டும் சிறிது நேரம் தொழுதுவிட்டு, மகனே, நிலா மறைந்துவிட்டதா? ஆம் என்றதும் புறப்படச் சொன்னார்கள். மினாவில் கல்லெறிந்துவிட்டுத் திரும்பித் தம் தங்குமிடத்தில் ஸுப்ஹு தொழுதார்கள். இருட்டிலேயே வந்துவிட்டோமே என்று அவர் கேட்க, பெண்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதி தந்திருக்கிறார்கள் என்றார்கள். முஸ்தலிஃபாவில் பாட்டியாரைக் கண்டதாக ஃபாத்திமாவும் ஒரு செய்தி சொல்கிறார்: தொழுவிப்பவரிடம் வைகறை புலர்ந்ததும் தொழுவிக்கச் சொல்லி, உடனே வாகனமேறி மினாவுக்குச் சென்றுவிடுவார்கள், அங்கே நிற்கமாட்டார்கள். இரண்டும் வெவ்வேறு ஆண்டுகளின் ஹஜ்ஜாக இருக்கலாம். இஹ்ராமில் பாட்டியாருடன் சென்றபோது நாங்கள் முகத்தை மறைத்துக்கொள்வோம் என்ற ஃபாத்திமாவின் சொல்லும் முவத்தாவில் உண்டு. பேத்திகளையும் பெண்களையும் கூட்டிக்கொண்டு ஹஜ்ஜுக்குப் போகும் ஒரு பாட்டியார்!

இங்கே ஓர் இடைக்குறிப்பு. இப்னு இஸ்ஹாக் தாம் ஃபாத்திமாவிடமிருந்து ஹதீஸ் கேட்டதாகக் கூறியபோது, என் மனைவியை அந்நிய ஆண் எவரும் பார்த்ததில்லையே என்று ஹிஷாம் கடுமையாக மறுத்தார். பார்க்காமல் திரைக்கு அப்பாலிருந்து கேட்டிருக்கலாமே எனப் பிற்கால அறிஞர்கள் சமாதானம் கூறினர். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் தகுதியுடையவரல்லர். ஒன்று மட்டும் தெளிவு: பாட்டியைப் பற்றிப் பேத்தி வைத்திருந்த நினைவு, அறிஞர்கள் உரிமை கோரும் அளவுக்கு மதிப்புடையதாய் இருந்தது.

ஹிஜ்ரி 73, கி.பி. 692. மகன் அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) மக்காவில் ஹஜ்ஜாஜின் படையால் முற்றுகையிடப்பட்டிருந்தார். அவர் கொல்லப்படுவதற்குப் பத்து நாள்களுக்கு முன்னர், அண்ணன் தம்பி இருவரும் நோயுற்றிருந்த தாயைப் பார்க்கச் சென்றதை உர்வா மகனிடம் சொல்லியிருக்கிறார். மரணத்தில் ஓய்வு இருக்கிறது என்றார் அப்துல்லாஹ். நான் இறப்பதை விரும்புகிறாயோ என்று தாய் கேட்டார்கள். ஒன்று, நீ கொல்லப்பட்டு அதற்கு நான் அல்லாஹ்விடம் நற்கூலியை எதிர்பார்க்க வேண்டும். அல்லது நீ வென்று என் கண் குளிர வேண்டும். இரண்டில் ஒன்று தெரியாமல் நான் இறக்க விரும்பவில்லை என்றார்கள். தாம் கொல்லப்பட்டால் தாய் வருந்துவாரே என்பதுதான் அப்துல்லாஹ்வின் கவலை. தாய்க்கு அப்போது நூறு வயது.

ஷாம் நாட்டுப் படையினர் அப்துல்லாஹ்வை, இரு கச்சுடையாளின் மகனே என்று ஏளனமாக அழைத்ததும் அந்நாள்களில்தான். தாய் மகனை அழைத்து, அந்தக் கச்சைகள் எவை என்று தெரியுமா என்று கேட்டு, உணவுப் பையின் கதையை மீண்டும் சொன்னார்கள். எழுபது வயதுப் போர்வீரருக்கு, நூறு வயதுத் தாய் சொன்ன கதை. அதன்பின் அவர்கள் அப்படி ஏசும்போதெல்லாம் அவர் பெருமையுடன் ஒப்புக்கொண்டார்.

பின்னர் நடந்ததை நாம் சுருக்கமாகக் கடக்கிறோம். மிம்பர்களில் அது போதிய அளவு சொல்லப்படுகிறது. மகன் கொல்லப்பட்டு, உடல் மக்காவில் கட்டித் தொங்கவிடப்பட்டது. ஹஜ்ஜாஜ் ஆளனுப்பியும் அஸ்மா (ரலி) செல்லவில்லை. முடியைப் பிடித்து இழுத்துவரச் செய்வேன் என்று மிரட்டியும் செல்லவில்லை. இறுதியில் அவன்தான் வந்தான். நீ அவனுடைய இம்மையைக் கெடுத்தாய், அவன் உன்னுடைய மறுமையைக் கெடுத்துவிட்டான் என்ற கருத்தில் முகத்துக்கு நேரே கூறினார்கள். அவனிடமும் அந்தக் கச்சையின் கதையைச் சொன்னார்கள். அவன் எழுந்து சென்றான், மறுமொழி கூறவில்லை என ஸஹீஹ் முஸ்லிம் முடிக்கிறது. மகனின் உடல் இறக்கப்பட்டு அடக்கம் செய்யப்பட்ட சில நாள்களில் அவர்களும் வஃபாத்தானார்கள். ரலியல்லாஹு அன்ஹா. முஹாஜிர் பெண்களில் இறுதியாக மறைந்தவர் அவர்களே.

பாட்டியார் மறைந்தபோது பேரர் ஹிஷாமுக்குப் பன்னிரண்டு வயதளவில் இருக்கும். உர்வா ஹிஜ்ரி 94இல் காலமானார். ஹிஷாம் பாக்தாதில் ஹிஜ்ரி 146இல் மரணமடைந்தார். மக்காவில் அந்த மூதாட்டி மறைந்து எழுபத்து மூன்று ஆண்டுகள் கழித்தும், ஹிஷாமின் வாய்மொழியாக, ஃபாத்திமா எனக்குச் சொன்னார், அவர் அஸ்மாவிடமிருந்து, என்ற சொற்களை மக்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நம் உம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இஷாவுக்குப் பிறகு அவர்களுக்கு அருகில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அமர்கிறோம். உம்மும்மா என்ன செய்வார்கள் என்று கேட்டால், என்ன பெரிதாகச் செய்தார்கள், எல்லாரையும்போல்தான் என்றே ஒவ்வொரு நாளும் பேச்சு தொடங்குகிறது. இதுவரை பதினொரு செய்திகள் கிடைத்துள்ளன. நேற்று கிடைத்தது இது: அரிசி களையும்போது உம்மும்மா ஒவ்வொரு நாளும் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துவைப்பார்களாம், எத்தனை பிடி சேர்ந்தது என்று யாராவது கேட்டால், பானையின் வாயைக் கையால் மூடிக்கொள்வார்களாம். யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டோம். அது உம்மாவுக்கும் தெரியவில்லை. பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம் என்றார்கள்; வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சென்று கேட்கவிருக்கிறோம்.